தங்கநிறம் தெரியாத சுவர்

எனக்குச் சந்தனக் கலர் சுவர் என்றால் பயம். இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க என் வயதுக்காரர்களால்தான் முடியும் என்பதால் உங்களிடம் சொல்கிறேன். மூட்டுவலி, சர்க்கரை, மருமகள் என்று பேச நமக்கு ஆயிரம் இருக்கும்போது இவள் என்ன சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசிவரைக்கும் கேளுங்கள்.

போன மாதம் என் மகள் புதுவீட்டுக்குப் பெயின்ட் பார்க்கக் கலர் அட்டையோடு வந்தாள். உங்கள் பிள்ளைகளும் நீட்டியிருப்பார்கள். பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக ஒரே பழுப்பு. ஒன்று பாலில் டிகாஷன் இரண்டு சொட்டு விட்டது போல, இன்னொன்று வறுத்த ரவை போல, மற்றொன்று கோதுமை மாவு போல. ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளமான பெயர். “படுக்கற ரூமுக்கு இதும்மா, வெதுவெதுன்னு இருக்கும்” என்று ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள். “வெள்ளை அடி” என்றேன். “ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்மா” என்றாள். “இருக்கட்டும்” என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அடுத்த மாசிக்குப் பிரசவம். அவளிடம் இந்தக் கதையை எப்படிச் சொல்வது?

அப்போது நாங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் பேட்டைக்குப் பின்னால் குடியிருந்தோம். எழுபதுகளின் தொடக்கம். நான் நாலாவது படித்தேன் என்று நினைவு. அப்பா ஒரு பீங்கான் பட்டறையில் சரக்குப் பிரிக்கிற வேலையில் இருந்தார். சூளை ஆறியதும் வெளியே வருகிற கப்பு, சாஸர், ஃபியூஸ் கட்டை எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, நல்ல வெள்ளை ஒரு பக்கம், மஞ்சளடித்தது ஒரு பக்கம் என்று பிரிப்பார். மஞ்சளடித்தது என்பது அவர்கள் பேச்சு. சூடு சரியாக ஏறாவிட்டாலோ, மண்ணில் கொஞ்சம் இரும்பு கலந்துவிட்டாலோ வெள்ளையில் ஒரு மஞ்சள் சாயல் ஓடும். உங்களுக்கும் எனக்கும் அது வெள்ளையாகத்தான் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்துவிடும். “தனியா பாத்தா ஒண்ணும் தெரியாதுடி, பக்கத்துல நல்ல வெள்ளய வெச்சிப் பாரு” என்பார். வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

உடைந்த சரக்கைப் பேட்டையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் அள்ளிக்கொண்டு போவோம். வீட்டுக்குப் பின்னால் கிணற்றடி வரைக்கும் பீங்கான் சில்லைக் கொட்டி நிரவியிருந்தோம், மழைக்குச் சேறாகாமல் இருக்க. வெயில் அடித்தால் அந்தத் தோட்டத்துப் பக்கம் கண் கூசும். செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் பாண்டி ஆட ஓட்டுச்சில்லு தேடியதே இல்லை. கப்பின் அடிவட்டம்தான் எங்களுக்குச் சில்லு, வழவழவென்று சொன்ன கட்டத்தில் போய் உட்காரும்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான அத்தை. அத்தைக்குப் பிள்ளை இல்லை, புருஷனும் போய்விட்டார். அப்பாவைத் தூக்கி வளர்த்தவள் என்பதால் வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம். அம்மாவுக்குத் தாய்வீடு என்று ஒன்று இல்லாததால் பிரசவம் எல்லாம் எங்கள் வீட்டு நடு அறையில்தான்.

எனக்குப் பிறகு அம்மா இரண்டு பெற்றாள். ஒரு தம்பி, அப்புறம் ஒரு தங்கை. இரண்டும் பிறந்த வாரத்திலேயே போய்விட்டன. தம்பியை எனக்கு அவ்வளவாக நினைவில்லை. தங்கை நன்றாக நினைவிருக்கிறாள். பிறந்த மறுநாள் பார்த்தபோது தங்கமாக இருந்தாள். தங்கம் மாதிரி என்று இல்லை, தங்கமேதான். பிரசவம் பார்த்த ஆயா கையில் ஏந்தி, “எம்மாடி, என்னா கலரு! எந்த ராசா வூட்டுக்குப் போறவளோ!” என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். சுண்ணாம்பு அடித்த வெள்ளை அறை, வெள்ளை வேட்டித் துணி, அதன் நடுவில் தங்கப் பாப்பா. வாசலில் நின்றாலே தெரிந்தது. அப்புறம் பால் குடிக்கவில்லை. தூங்கிக்கொண்டே இருந்தாள். உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கீச்சென்று ஒரு அழுகை அழுதாள். அவ்வளவுதான். தம்பி போன பயத்தில் அவளைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, தவிடு கொடுத்து விலைக்கு வாங்கிக்கூடப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

நான் கறுப்பு. அப்பாவைப் போல அசல் கறுப்பு. “இவ கறுப்பு, அதான் தப்பிச்சா” என்று அத்தை என் தலையைத் தடவியபடி வந்தவர்களிடம் எல்லாம் சொல்வாள். அது எனக்கு ஒரு பக்கம் ஆறுதல், ஒரு பக்கம் அவமானம். ராத்திரி படுக்கும்போது கையைப் பார்த்துக்கொள்வேன், இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறதா என்று.

அம்மா மறுபடி முழுகாமல் இருந்த வருஷத்தில்தான் இது நடந்தது. வயிறு தெரிய ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அம்மா சோறு பரிமாறிக்கொண்டே இருப்பாள், கரண்டி அப்படியே நின்றுவிடும். அப்பா பட்டறையிலிருந்து வந்ததும் முதலில் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார், பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். ஒருநாள் சாப்பிடும்போது அத்தை ஆரம்பித்தாள்.

“தம்பி, நான் யோசிச்சிப் பாத்துட்டேன். வெள்ளச் சுவுத்துக்கு முன்னால தங்கத்த வெச்சா யாரு கண்ணுக்குப் படாது? தெருவுல போறவளுக்குக்கூட பளிச்சின்னு தெரிஞ்சிதே. கண்ணுதான் கொண்டுட்டுப் போயிட்டுது.”

“அதுக்கு என்னாக்கா பண்றது?” என்றார் அப்பா.

“சுவுத்த மாத்து. புள்ள எந்தக் கலரோ அதே கலர்ல சுவுத்த அடி. படுக்க வெச்சா புள்ள இருக்கிற எடமே தெரியக் கூடாது.”

அப்பா சாதாரணமாக இப்படிப்பட்ட பேச்சுக்கு இடம் கொடுக்கிறவர் இல்லை. கண்ணேறு, கழிப்பு என்று யாராவது பேசினால் பகுத்தறிவு மேடையில் கேட்டதையெல்லாம் ஒப்பித்து அவர்களை ஓட்டிவிடுவார். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, “செய்யலாம்க்கா. கலருதானே, அது நம்ம வேலதான்” என்றார். அம்மா தலை நிமிரவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிட்டார். சுண்ணாம்புக் கல்லைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதிக்குமே, அந்த வாசனை நடு அறை முழுக்க நிறைந்தது. கடைத்தெருவிலிருந்து மஞ்சள் காவி, சிவப்புக் காவி, பழுப்புப் பொடி என்று பொட்டலம் பொட்டலமாக வாங்கிவந்தார். கொட்டாங்குச்சிகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு கலவை. ஒரு சிட்டிகை கூட, ஒரு சிட்டிகை குறைய. தென்னை மட்டைத் தூரிகையால் சுவரில் அகலமாக ஒரு கட்டம், பக்கத்தில் இன்னொரு கட்டம். ஈரத்தில் ஒரு கலர் தெரியும், காய்ந்தால் வெளுத்து வேறு கலர் ஆகிவிடும். காயக் காத்திருந்து, ஜன்னலைத் திறந்து பார்ப்பார், மூடிப் பார்ப்பார், குண்டு பல்பைப் போட்டுப் பார்ப்பார். எங்களுக்குள் அந்தக் கட்டங்களுக்குப் பெயர்கூட இருந்தது. ரொட்டி, சந்தனம், பால்கோவா, சுக்குக் காப்பி. எனக்கு முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. பால்கோவாவுக்கும் சந்தனத்துக்கும் நடுவே ஒன்று வேண்டும் என்று நானே அப்பாவிடம் யோசனை சொன்னேன்.

விளையாட்டு எப்போது போனது என்று சொல்கிறேன். கட்டங்கள் எல்லாம் காய்ந்திருந்த ஒரு மத்தியானம் அப்பாவும் அத்தையும் சுவர் முன்னால் நின்று வாக்குவாதம் செய்தார்கள். அத்தை சந்தனம் என்றாள். “இல்லக்கா, அத்தினி வெளுப்பு இல்ல, இன்னும் கொஞ்சம் மஞ்ச ஓடிச்சி” என்றார் அப்பா. போன குழந்தையின் கலரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருவருக்கும் ஒத்துவராமல் கடைசியில் அப்பா அம்மாவைக் கூப்பிட்டார்.

“நீ வந்து பாரு. உன் மடியிலதானே கெடந்துது. இதுல எது பாப்பா கலரு?”

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். நீண்ட நேரம் பார்த்தாள். ரொட்டியைத் தாண்டினாள், சந்தனத்தைத் தாண்டினாள். பால்கோவாவுக்கும் சந்தனத்துக்கும் நடுவில் இருந்த கட்டத்தில், நான் யோசனை சொன்ன கட்டத்தில், உள்ளங்கையை முழுசாக வைத்தாள். குழந்தையின் முதுகில் வைப்பதைப் போல வைத்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கிணற்றடியில் அவள் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. அப்பா அந்தக் கொட்டாங்குச்சியைத் தனியாக எடுத்து வைத்தார்.

அறை முழுக்க அந்தக் கலர் ஏறியது. நான்கு சுவர், கதவின் உள்பக்கம், ஜன்னல் சட்டம் எல்லாம். அத்தையும் சும்மா இருக்கவில்லை. பழைய வேட்டிகளைக் கிழித்து, தேயிலைத் தண்ணீரிலும் காவியிலும் முக்கி, சுவரோடு வைத்து வைத்துப் பார்த்துத் துணிகளை அதே நிறத்துக்குக் கொண்டுவந்தாள். ஏணைக்கும் அதே துணி. அறையில் வெள்ளையாக ஒரு பொருள் இருக்கக் கூடாது என்று உத்தரவு. அப்பா கொண்டுவந்த நல்ல வெள்ளைக் கப்பு சாஸர் எல்லாம் பரணுக்குப் போயின. அம்மாவுக்குக் காப்பி பித்தளை டம்ளரில்தான். ஜன்னலில் சாக்கு கட்டினார்கள்.

நான் அந்த அறைக்குள் தனியாகப் போவதை நிறுத்திவிட்டேன். சுண்ணாம்புச் சுவர் தெரியுமே, தொட்டால் கையோடு வரும். ஒருநாள் இருட்டில் தடுக்கிச் சுவரைப் பிடித்துவிட்டேன். வெளியே வந்து பார்த்தால் உள்ளங்கை முழுக்கத் தங்கை கலர். கிணற்றடிக்கு ஓடித் தேங்காய் நாரால் தேய்த்தேன். தோல் சிவந்து எரிந்த பிறகும் ரேகைக்குள் கொஞ்சம் இருந்தது. கறுப்பு கலைந்துவிட்டது, அடுத்தது நான்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கையை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்ததற்கு டீச்சரிடம் ஸ்கேலால் வாங்கினேன்.

ஐப்பசி அடைமழையில் தம்பி பிறந்தான். ஆயா வந்தாள், வெந்நீர் காய்ந்தது, அம்மா கத்தினாள், பிறகு ஒரு அழுகை கேட்டது. அப்பா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை வெளியே வந்து, “பையன்” என்றாள். நான் ஆசை தாங்காமல், “தம்பி என்ன கலரு அத்த?” என்று கேட்டேன். பட்டென்று வாயில் ஒரு அடி விழுந்தது.

“கலருன்ற பேச்சே இந்த வூட்ல வரக்கூடாது, சொல்லிட்டேன்” என்றாள். இன்று யோசித்தால் அவளைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. என்னைவிட அதிகமாகப் பயந்தவள் அவள்தான்.

மழை விடவே இல்லை. ஜன்னலில் சாக்கு, உள்ளே குண்டு பல்பின் மங்கல் வெளிச்சம், அம்மாவின் கைகால் எல்லாம் மஞ்சள் பூச்சு, குழந்தைக்கும் மஞ்சள் தேய்த்துத்தான் குளியல். அப்பா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார். பட்டறையில் ஆயிரம் கப்பு நடுவில் மஞ்சளடித்த ஒன்றைப் பொறுக்கி எடுக்கிற அதே கண்ணால் பார்ப்பார். சுவரும் துணியும் குழந்தையும் ஒன்றாகக் கிடக்கும். “எடமே தெரியலக்கா” என்று அத்தையிடம் சந்தோஷமாகச் சொல்வார். அவர் முகத்தில் மாதக்கணக்கில் காணாத தெளிச்சி அன்று இருந்தது. இதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் தூக்கம் கெடுகிறது.

அம்மாவுக்கு மட்டும் தெளியவில்லை. “பால் சப்ப மாட்டேங்குறான் அண்ணி” என்றாள்.

“மழச் சில்லுப்பு. தூங்கட்டும் வுடு, தூங்கினாத்தான் சதை புடிக்கும்.”

“அதுங்களும் இப்படித்தான் தூங்கிச்சிங்க.”

“வாயக் கழுவு” என்றாள் அத்தை.

அம்மா பல்பு வெளிச்சத்தில் குழந்தையின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கதவோரம் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறைக்குள் என்ன பார்த்தாலும் எல்லாம் ஒரே நிறம். என் கையைக்கூட நீட்டிப் பார்த்தேன், அதுவும் வேறு மாதிரி தெரிந்தது.

தம்பி பிறந்த மூன்றாம் நாள் மத்தியானம் மழை விட்டது. மழைக்காலத்தில் திடீரென்று அடிக்குமே, சுள்ளென்று ஒரு வெயில், அந்த வெயில். மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்ததால் நான் கிணற்றடியில் பாண்டிக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை அடுப்படியில் கண்ணயர்ந்திருந்தாள். அம்மா பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். தீட்டு கழியாதவள் வெளியே வரக்கூடாது, குழந்தையைக் கொண்டுவரவே கூடாது. மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, ஈரச் சில்லில் வெறுங்காலை வைத்து வந்தாள். பாதம் கிழிந்து ரத்தம் வந்தது. அவள் கவனிக்கவில்லை.

கிணற்றடியில் உட்கார்ந்து, சுற்றியிருந்த காவித் துணியை அவிழ்த்தாள். வெள்ளை வெளேரென்று சில்லு கொட்டிய தரை, தலைக்கு மேல் வெயில், அவள் மடியில் தம்பி.

“இங்க வா” என்றாள் என்னிடம். “தம்பியப் பாரு. என்னா கலரு, சொல்லு.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அத்தையின் அடி ஞாபகம்.

“சொல்லுடி!”

“மஞ்ச...” என்றேன். “மஞ்சம்மா. மாங்கா பழுத்தது கணக்கா மஞ்ச.”

அம்மா விரலால் அவன் கண் இமையை மெல்லப் பிரித்தாள். கருவிழியைச் சுற்றி வெள்ளையாக இருக்க வேண்டிய இடமும் மஞ்சள். என் கண்ணைப் பார்த்தாள், அவன் கண்ணைப் பார்த்தாள். அப்புறம் அவள் போட்ட சத்தத்துக்கு அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது.

“இது தங்கமில்ல! ஐயோ, இது தங்கமில்ல! காமால! என் புள்ளைங்களுக்கு எல்லாம் காமால!”

அத்தை எழுந்து ஓடிவந்து, “படுபாவி, வெயில்ல எடுத்தாந்துட்டியே! ஊருக் கண்ணெல்லாம் படுதே!” என்று முந்தானையால் குழந்தையை மூடப் போனாள்.

அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். அதுவரைக்கும் அண்ணி என்ற சொல்லை அவள் குரல் உயர்த்திச் சொல்லிக் கேட்டதில்லை. “ஊரே பாக்கட்டும் அண்ணி! ஊரக் கூப்புடுங்க, வந்து பாக்கட்டும்!” என்றாள்.

யாரோ ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவந்தார்கள். கை முழுக்கப் பீங்கான் தூசியோடு வந்தார். வெளிச்சத்தில் பார்த்தார். ஒரே பார்வைதான். “மஞ்சளடிச்சிருக்குது” என்றார், பட்டறையில் சொல்கிற அதே சொல், வேறு சொல் அவருக்கு வாயில் வரவில்லை. சில்லின் மேலேயே உட்கார்ந்தார்.

எதிர்வீட்டு மாமா வாடகைக் கார் ஓட்டுகிறவர். மாதா கோயில்காரர். அவர்தான் அப்பாவைத் தூக்கி நிறுத்தினார். “ஏறுங்க, அழுவறது அப்புறம்” என்றார். விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் காருக்கே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். “எறக்காதீங்க. நேரா புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு வுடுங்க” என்றார். என்னை யாரிடமாவது விட்டுவிட்டுப் போக அந்த அவசரத்தில் யாருக்கும் தோன்றாததால் நானும் முன்சீட்டில்.

அந்தக் கார்ப் பயணத்தை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். பின்சீட்டில் அம்மா நடுவில், இரண்டு பக்கமும் அப்பாவும் அத்தையும். அத்தை நொடிக்கொரு தரம் குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். விரலை எடுக்கிறவரைக்கும் காருக்குள் யாரும் மூச்சு விடவில்லை. நடுவில் ஒரு தடவை அவன் முதுகை வளைத்துக் கீச்சென்று அழுதான். தங்கை அழுத அதே அழுகை. அம்மா என் பின்னலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், வலித்தது, நான் சொல்லவில்லை. ஓரிடத்தில் ரயில் கேட்டைப் போட்டுவிட்டார்கள். கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி அசைந்து அசைந்து போய்க்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு மாமா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, “மாதாவே, மாதாவே” என்று முணுமுணுத்தார். பண்ருட்டி தாண்டும்போது அத்தையும் அவரோடு சேர்ந்து மாதாவே என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

புதுச்சேரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் பார்த்தார். அம்மாவின் விரலிலும் அப்பாவின் விரலிலும் ரத்தம் எடுத்தார்கள். குழந்தையை உள்ளே தூக்கிப் போனார்கள். டாக்டர் திரும்பி வந்து நடைபாதையில் நின்று கேட்டார்.

“இதுக்கு முன்னாடி கொழந்தைங்க?”

“இந்தப் பொண்ணு மூத்ததுங்க. அப்புறம் ரெண்டு பொறந்து போயிடுச்சிங்க” என்றார் அப்பா.

“அதுங்க எப்படி இருந்துச்சு? மஞ்சளா?”

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள். “தங்கமா இருந்துதுங்க டாக்டர்” என்றார் அப்பா.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அம்மாவின் ரத்தம் ஒரு வகை, அப்பாவினது வேறு வகை. முதல் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகு வருகிற குழந்தையின் ரத்தத்தை அம்மாவின் உடம்பு வேண்டாதது என்று நினைத்துவிடும். ரத்தம் உடைந்து உடம்பெல்லாம் மஞ்சள் ஏறும், ஏறி மூளைக்குப் போகும். “முன்னாடியே கொண்டாந்திருக்கணும். நேத்தே தெரிஞ்சிருக்குமே, வீட்ல யாரும் பாக்கலியா?”

என்னவென்று சொல்வது? பார்க்கக் கூடாது என்றுதான் இத்தனையும் செய்தோம் என்றா?

குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துவிட்டு, வேறு ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்களாம். தாங்குமா என்று அப்பா கேட்டதற்கு, “பாக்கலாம்” என்றார் டாக்டர். அந்தப் ‘பாக்கலாம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் அந்த நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம். அத்தை தலையைச் சுவரில் மோதிக்கொண்டு, “நான்தான், நான்தான் மறைச்சிட்டேன்” என்று அழுதாள். அம்மா அவளைத் தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. உள்ளே போன கதவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் எனக்கு மூத்திரம் முட்டியது. செத்துப்போனால் எப்படி வந்து சொல்வார்கள், நர்ஸா, டாக்டரா, முதலில் யாரிடம் சொல்வார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் நர்ஸ் வந்து, “அழுதான். பசிக்கி அழுவுறான்” என்றாள். அம்மா எழுந்த வேகத்தில் அவளைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.

அதன் பிறகும் பல நாள் அங்கேதான் இருந்தோம். ஒவ்வொரு காலையும் ரத்தம் சோதிப்பார்கள், மறுபடி ஏறுமோ என்று ஒவ்வொரு காலையும் எங்களுக்கு உயிர் போய் வரும். டாக்டர் அப்பாவிடம், “நேத்தைக்கு இன்னிக்கிக் கொறைஞ்சிருக்கா, நீங்களே பாருங்க” என்று ஒருதரம் சிரித்துக்கொண்டு கேட்டார். அப்பா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, “எனக்குக் கலரு தெரியாதுங்க டாக்டர்” என்றார்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன காலையில் வராந்தா பெஞ்சில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தோம். ஆஸ்பத்திரியின் வெள்ளைத் துணியில் தம்பி. காது கேட்கிறதா, கைகால் ஒழுங்காக வருகிறதா என்று வளர வளரத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பயம் எங்களோடு கிளம்ப இருந்தது. ஆனால் மஞ்சள் இறங்கிவிட்டிருந்தது. அது இறங்க இறங்க, அடியிலிருந்து அவனுடைய சொந்த நிறம் வந்திருந்தது. நெற்றி, காது மடல், விரல் நுனி எல்லாம் கறுப்பு. என்னைப் போல, அப்பாவைப் போல.

“எம்மாடி, கன்னங்கரேல்னு இருக்கானே” என்றாள் அத்தை. சொல்லிவிட்டுப் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. “நல்லா சொல்லுங்க அண்ணி. சத்தமா சொல்லுங்க.”

அப்பா தன் முன்கையைக் கொண்டுபோய்க் குழந்தையின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அவருடைய பழக்கம் அது, எதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார். இரண்டும் ஒரே நிறம். அம்மா அந்த இரண்டு கையையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

“ஏங்க” என்றாள். “அப்ப, அதுங்க ரெண்டும் என்னா கலருங்க?”

அப்பா கையை எடுக்கவில்லை.

“இவன மாதிரி கறுப்பா? இல்ல, என்ன மாதிரி மாநெறமா?” என்று அவள் மறுபடியும் கேட்டாள். “நான் பெத்தவ. எனக்கே தெரியலியே.”